பழைய ஃபுல் சோக் குழலை வாத்து வேட்டைக்காக அறுக்கலாமா?

கேள்வி:
வணக்கம். மின்னசோட்டாவின் சதுப்பு ஏரிகளில் வாத்து வேட்டையாடுகிறேன். என்னிடம் இருப்பது 1950களில் செய்யப்பட்ட 12 போர் ஒற்றைக்குழல் துப்பாக்கி. குழல் 30 அங்குலம், முனையில் ஃபுல் சோக், அதாவது ரவையை நெருக்கமாக அனுப்பும் மிகுந்த ஒடுக்கம். நாணல் மறைவுக்கு முன்னால் 25 கஜத்தில் எழும் வாத்துகள் ஒன்று அடியே படாமல் தப்புகின்றன, இல்லையேல் சமைக்க முடியாத அளவுக்குச் சிதைந்து விழுகின்றன. குழலை 26 அங்குலமாக அறுத்தால் தோட்டாவிலுள்ள சிறு குண்டுகளான ரவை அகலமாகப் பரவும் என்கிறார் உடன் வரும் நண்பர். செய்யலாமா?

பதில் 1:
செய்யாதீர்கள், ஐயா. ரவையின் பரவலைத் தீர்மானிப்பது குழலின் நீளமன்று. முனையில் கடைசிச் சில அங்குலங்களில் உள்ள ஒடுக்கமே. 12 போர் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 0.729 அங்குலம் என்றால், ஃபுல் சோக்கின் முனை அதைவிட 0.035 அங்குல அளவுக்குக் குறுகியிருக்கும். நான்கு அங்குலத்தை அறுத்தால் அந்த ஒடுக்கம் முழுவதும் போய்விடும். சற்றுத் தொலைவில் ரவைகளுக்கிடையே ஓட்டை விழுந்து, காயம்பட்ட பறவை நாணலுக்குள் போய்ச் சாகும். அதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

தோட்டாவையும் கவனியுங்கள். 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்குத் தடை உள்ளதால், நீங்கள் எஃகு ரவை போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஈயம் ஒடுக்கத்தில் நசுங்கி வழிவிடும், எஃகு நசுங்காது. பழைய ஃபுல் சோக் குழலில் அது முனையருகே வளையமாகப் புடைப்பை உண்டாக்கக்கூடும். என் துப்பாக்கி ஒன்றில் அப்படி நேர்ந்தது கண்ணுக்குத் தெரியவில்லை, கட்டைவிரலால் தடவியபோதுதான் தட்டுப்பட்டது. இப்போதைக்கு மென்மையான பிஸ்மத் உலோக ரவைக்கு மாறுங்கள். தோட்டாவின் நீளம் உங்கள் துப்பாக்கியில் தோட்டா அமரும் அறைக்குப் பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள்.

பதில் 2:
தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் குழல் சுவரின் தடிமனை அளந்துவிட்டு, ஒடுக்கத்தை ரீமர் என்னும் துளையை அகலமாக்கும் கருவியால் மாடிஃபைட் எனப்படும் நடுத்தர ஒடுக்க அளவுக்குத் திறந்து தருவார். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. ஆகவே முதலில் தாளில் சுட்டுப் பாருங்கள். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ஃபுல் 70, மாடிஃபைட் 60, அதைவிட ஒடுக்கம் குறைந்த இம்ப்ரூவ்ட் சிலிண்டர் 50 சதவீத ரவையைச் சேர்க்கும் என்பது வழக்கமான அளவுகோல். ஆனால் நீங்கள் சுடுவது 25 கஜத்தில் என்பதால் அந்தத் தொலைவிலேயே சோதியுங்கள்.

கேட்டவர்:
நன்றி. முனையைத் தடவிப் பார்த்தேன், புடைப்பு இல்லை. பிஸ்மத் தோட்டாவால் மூன்று தாள்களில் சுட்டேன்; மூன்றிலும் துளைகள் ஒரு தாம்பாள அளவுக்குள் திரண்டு, நடுவில் தாள் கிழிந்தே போயிருந்தது. இம்ப்ரூவ்ட் சிலிண்டராகவே திறந்துவிடட்டுமா?

பதில் 2:
ஒரேயடியாக வேண்டாம். மாடிஃபைட் அளவில் நிறுத்தச் சொல்லி, அதே தோட்டாவால் மீண்டும் மூன்று தாள்களில் சுடுங்கள். போதவில்லை என்றால் மேலும் திறக்கலாம். எஃகு ரவைக்குத் திரும்ப எண்ணினால், இந்தக் குழல் அதற்குத் தாங்குமா என்று கம்மியரிடம் அப்போதே கேட்டுவிடுங்கள்.