கோத்தகிரிக்காரர்களே, ஒரு பழைய தேயிலைக் கொழுந்துக் கூடை கிடைக்குமா?

வணக்கம். ஆக்குபேஷனல் தெரபியில் (அன்றாட வேலைகள் மூலம் நோயாளியை மீட்கும் சிகிச்சை) நான்கு ஆண்டுப் படிப்பை முடித்து, ஆறு மாதப் பயிற்சியில் இருக்கிறேன்.  என் மனம் முழுவதும் இப்போது அங்கே சிகிச்சைக்கு வரும் ஓர் அக்காவிடம்தான் இருக்கிறது.

முப்பது ஆண்டு கொழுந்து பறித்தவர். பக்கவாதத்துக்குப் பின் வலக்கை விரல்கள் சரியாக மடங்குவதில்லை. ரப்பர் பந்தை அழுத்தச் சொன்னால் சலித்துக்கொள்கிறார். தேயிலைக் கிளை ஒன்றை நீட்டினேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு இலை ஒரு மொட்டைத் தேடிப்போயின! எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழகிய வேலையைக் கொண்டே கையை மீட்பதுதான் இந்தச் சிகிச்சை. என் ஆசிரியரும் தொடரச் சொல்லிவிட்டார்.

முதுகில் மாட்டும் கூடை, இடுப்பில் கட்டும் சாக்கு யாரிடமாவது இருந்தால் இரண்டு வாரம் கொடுங்கள். குன்னூர் வரை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.