மறுமொழி: டெட்டனேட்டருக்குத் தமிழ்ச்சொல் – "தூண்டுவெடி" என்று முன்மொழிகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

குண்டில் வெடிமருந்தை வெடிக்கச் செய்யும் டெட்டனேட்டருக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற என் கேள்விக்கு வந்த மடல்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டேன். சிலவற்றில் ஒரு பகுதியை ஏற்கிறேன். பலவற்றை ஏற்க முடியவில்லை. பதில் எழுதும் முன், இந்தச் சொல் எந்த இடத்தில் உட்காரப் போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தனியே பிடுங்கி வைத்துப் பார்த்தால் எந்தச் சொல்லும் சரியாகத்தான் தெரியும். வாக்கியத்தில் வைத்தால்தான் அதன் நொண்டல் வெளிப்படும்.

நான் எழுதிக்கொண்டிருப்பது 1910இல் பெய்ஜிங்கில் நடந்த ஒரு குண்டு வழக்கு. சிங் பேரரசின் கடைசி ஆண்டுகள். அரியணையில் நான்கு வயதுக் குழந்தை பூயீ. ஆட்சியை நடத்தியவர் அவருடைய தந்தை இளவரசர் ட்சாய்ஃபெங். தெற்கே ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்சிகள் தோற்று, தோழர்கள் பலர் மடிந்திருந்த நேரம். அந்த ஆற்றாமையும் பழியுணர்வும் உந்த, வாங் ஜிங்வெய் என்ற இளைஞரும் அவருடைய நண்பர்கள் சிலரும் தலைநகருக்கே வந்து இளவரசரைக் கொல்ல முடிவெடுத்தார்கள். தங்கள் வேலையை மறைக்க ஒரு புகைப்பட நிலையம் திறந்தார்கள். புகைப்படக் கடையில் இருட்டறை இருக்கும், வேதிப்பொருள் நெடி வரும். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

இளவரசர் அரண்மனைக்குப் போகும் வழியில், ஷிச்சாஹாய் ஏரிகளை ஒட்டி ஒரு சிறு பாலம். இரவில் அதன் அடியில் பள்ளம் தோண்டி, வெடிமருந்து நிரப்பிய இரும்புக் கலத்தைப் புதைத்தார்கள். அதிலிருந்து மின்கம்பியை இழுத்துக்கொண்டு போய், மறைவில் இருந்தபடி வெடிக்கச் செய்வது திட்டம். கம்பியின் நீளம் போதவில்லை. சரிசெய்வதற்குள் பள்ளம் கண்ணில் பட்டுவிட்டது, காவலர்கள் வந்துவிட்டார்கள்.

துப்பறிந்தவர்கள் பிடித்துக்கொண்டது மருந்தை அல்ல, இரும்பை. உள்ளே இருந்த சரக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருக்கலாம். வெளிக்கூடு உள்ளூர்க் கைவேலை. நகரத்து இரும்புப் பட்டறைகளில் விசாரித்தார்கள். ஒரு பட்டறையில் அது தாங்கள் செய்துகொடுத்ததுதான் என்றார்கள். யாருக்கு? புகைப்பட நிலையத்துக்கு. ஏப்ரல் 16 அன்று வாங் ஜிங்வெயும் ஹுவாங் ஃபூஷெங்கும் கைதானார்கள். குண்டு செய்வதில் கைதேர்ந்த யூ பெய்லுன் அப்போது மீண்டும் வெடிமருந்து வாங்க ஜப்பானுக்குப் போயிருந்தார். அந்தச் சரக்கு வந்து சேர்வதற்குள் காவலர்கள் முந்திக்கொண்டார்கள்.

இந்தக் கதையில் ஐந்து பொருள்கள் இருக்கின்றன: மின்கலம், கம்பி, பெருமருந்தை எழுப்பும் சிறு வெடி (டெட்டனேட்டர்), பெருமருந்து (கூட்டில் நிரப்பிய வெடிமருந்து), இரும்புக் கூடு. நான்குக்குத் தமிழில் சொல் இருக்கிறது. மூன்றாவதுதான் சிக்கல்.

இனி மடல்களுக்கு வருகிறேன்.

> திரி என்றாலே போதுமே. எதற்கு இன்னொரு சொல்?

திரி எனக்கும் மிகப் பிடித்த சொல். தீபாவளியன்று பட்டாசுத் திரியின் நுனிக் காகிதத்தை நகத்தால் கிள்ளி, உள்ளே சாம்பல் நிறத்தில் மருந்து தெரியும்வரை உரித்திருக்கிறோம். "திரி கிள்ளியாச்சா?" என்று கேட்காத வீடு இல்லை. தீயைத் தாங்கி ஊர்ந்து போவது திரி. நாம் ஓடி விலகுவதற்கு நேரம் தருவதும் அதுதான். சீனத்திலும் பழைய பெயர் இதைப் போன்றதுதான்: யாவ்ஷியன், அதாவது மருந்து நூல். 1232இல் மங்கோலியர் கைஃபெங் நகரை முற்றுகையிட்டபோது ஜின் அரசின் படை இரும்புக்கூட்டுக் குண்டுகளை வீசியது. அவற்றைப் பற்றி எழுதும்போது திரி என்றே தயங்காமல் எழுதுவேன். ஏனென்றால் அக்காலத்துக் கருமருந்துக்கு (கன்பவுடர்) தீ பட்டால் போதும்.

பிற்காலத்து டைனமைட்டுக்குத் தீ மட்டும் போதாது. சிறிதளவைத் திறந்தவெளியில் கொளுத்தினால் அது வெடிக்காமல் எரிந்தே போய்விடக்கூடும். அதற்கு வேண்டியது தீயல்ல, ஓர் அடி. 1860களில் ஆல்ஃபிரட் நோபெல் கண்ட பெரிய உண்மை இதுதான். எளிதில் வெடிக்கும் பொருளைச் சிறிதளவு ஒரு குப்பியில் அடைத்து, அதை முதலில் வெடிக்கவைத்தால், அந்த அதிர்ச்சியில் பெருமருந்து முழுவதும் ஒரே கணத்தில் வெடிக்கும். திரி தீயைக் கொண்டு போகிறது. இந்தச் சிறு குப்பி அடியைக் கொடுக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், கைஃபெங் முற்றுகைக்கும் பெய்ஜிங் பாலத்துக்கும் இடையே கிடக்கும் கிட்டத்தட்ட எழுநூறு ஆண்டுகளை அழித்துவிடுகிறோம்.

> பாடநூலில் ஃபியூஸ் என்பதற்கு "உருகி" என்று இருக்கிறது. அதையே இங்கும் வைக்கலாம்.

வேண்டவே வேண்டாம். என் வரைவைத் திருத்திய நண்பர் ஒருவர் நான் எழுதிய திரியை அடித்துவிட்டு உருகி என்று மாற்றியிருந்தார். மின்சுற்றில் உருகி மிகப் பொருத்தமான சொல்: மிகைமின்னோட்டம் வந்தால் உருகி அறுந்து, சுற்றைத் துண்டிக்கும். ஆபத்தை நிறுத்துவது அதன் வேலை. குண்டில் இருப்பது ஆபத்தைத் தொடங்கிவைக்கும் பொருள். அதிலும் இந்த வழக்கில் மின்கம்பி வேறு வருகிறது. கம்பியும் உருகியும் ஒரே பத்தியில் வந்தால், உருகி போய்விட்டதால்தான் குண்டு வெடிக்கவில்லை என்று எந்த வாசகரும் நினைப்பார். குண்டு வெடிக்காததற்குக் காரணம் குட்டைக் கம்பி. ஒரு தவறான சொல் வரலாற்றையே மாற்றி எழுதிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்காது.

> சீனத்தில் லெய்குவான் என்கிறார்கள். நேராக "இடிக்குழல்" என்று பெயர்க்கலாமே?

அழகான சொல், ஒரு நாள் முழுக்க இதன் பக்கம் சாய்ந்திருந்தேன். ஆனால் சீனருக்கு "லெய்" என்பது வானத்து இடி மட்டும் இல்லை. நிலத்தில் புதைக்கும் கண்ணிவெடி அவர்களுக்கு நில இடி. கடலில் மிதக்கவிடுவது நீர் இடி. வெடிக்கும் கருவிகளின் குடும்பப் பெயராகவே இடி அங்கே ஆகிவிட்டது. அந்தக் குடும்பத்தில் பிறந்த சொல் லெய்குவான். நம்மிடம் அந்தக் குடும்பப் பெயர் வெடி: கண்ணிவெடி, யானைவெடி, வெடிமருந்து, வெடியுப்பு. இடிக்குழல் என்றால் தமிழ்க் காதுக்கு ஏதோ பீரங்கி மாதிரி ஒலிக்கிறது. விரலளவுக் குப்பிக்கு அது பொருந்தாது.

வெடிமருந்து என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. கருமருந்துக்குச் சீனப் பெயர் ஹுவோயாவ். ஹுவோ என்றால் தீ, யாவ் என்றால் மருந்து. நோய்க்குக் கொடுக்கும் அதே மருந்துதான். நாமும் மருந்து என்றுதான் சொல்கிறோம். வெடியுப்பும் கந்தகமும் நம் சித்த மருத்துவத்தில் இருப்பவை. சீனத்திலும் அவை மருத்துவர்கள், ரசவாதிகள் கையில் புழங்கிய சரக்குகளே. இரண்டு மொழிகளும் ஒரே உருவகத்தில் வந்து நிற்பதைக் கண்ட அன்று எனக்கு உறக்கமே வரவில்லை. எனவே மொழிபெயர்ப்பில் ஹுவோயாவ் வரும் இடமெல்லாம் மருந்து என்றே வைத்திருக்கிறேன். வெடிபொருள் என்று யாரும் திருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

> "வெடிதூண்டி" என்று சிலர் எழுதுகிறார்களே?

இதுதான் மிக நெருங்கி வருகிறது. தூண்டு என்ற வினை எனக்கு முழுச் சம்மதம். அது விளக்குத் திரியோடு பிறந்த சொல். தூண்டுகோல், தூண்டாமணி விளக்கு இரண்டையும் நினைத்துப் பாருங்கள். என் தடை ஈற்றில் இருக்கும் இகரத்தின் மீதுதான். வெடிதூண்டி என்றால் வெடியைத் தூண்டும் எதுவும் ஆகலாம். மின்கலம் தூண்டுகிறது, கம்பி தூண்டுகிறது, பொத்தான் தூண்டுகிறது, மறைந்திருக்கும் மனிதன்கூடத் தூண்டுகிறான். வழக்கு விசாரணையில் எது எங்கே கிடைத்தது என்பதே உயிர்நாடி. அங்கே இப்படிப் பொதுவான சொல் உதவாது.

அதே இரண்டு உறுப்புகளைத் திருப்பிப் போட்டால் தூண்டுவெடி. வினைத்தொகை. தானும் ஒரு வெடி, இன்னொரு வெடியைத் தூண்டும் வெடி. கருவி அல்ல, கம்பி அல்ல, ஆளும் அல்ல. நோபெல் கண்டது முழுவதும் இந்த ஐந்தெழுத்தில் அடங்கிவிடுகிறது. மின்சாரத்தால் இயங்குவதற்கு மின்தூண்டுவெடி என்று நீட்டிக்கொள்ளலாம். "அதிர்வெடி" என்று ஒருவர் சொன்னதும் நல்ல முயற்சியே. ஆனால் கோயில் திருவிழாவின் அதிர்வேட்டு உடனே நினைவுக்கு வந்துவிடுகிறது.

இப்போது கல்குவாரியில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஐயாவின் மடல். "நாங்கள் எல்லோரும் டெட்டனேட்டர் என்றுதான் சொல்கிறோம், உங்கள் சொல்லை எந்தத் தொழிலாளி சொல்வான்?" என்று கேட்டிருக்கிறார். ஐயா, உங்கள் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பறிக்க எனக்கு எண்ணமே இல்லை. தொழிலிடத்தில் எல்லோருக்கும் உடனே புரியும் சொல்தான் உயிரைக் காக்கும். நான் கேட்பது, அந்தப் பொருளைப் பார்த்தே இராத பள்ளி மாணவருக்கும் கதை வாசகருக்கும் பெயரிலேயே பொருள் விளங்கும் ஒரு சொல். நீங்கள் சொன்ன ஒரு செய்திதான் எனக்கு இந்தச் சொல்லையே தந்தது: டெட்டனேட்டரையும் மருந்தையும் ஒரே பெட்டியில் எடுத்துப் போகக் கூடாது, தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும். ஏன் தனியாக? அதுவே ஒரு வெடி என்பதால்தானே!

இன்னொரு சோதனையும் செய்து பார்த்தேன். 1905 செப்டம்பர் 24 அன்று, அயல்நாட்டு ஆட்சிமுறைகளை ஆராயக் கிளம்பிய ஐந்து அமைச்சர்களைக் கொல்ல, வூ யுவே என்ற இளைஞர் பெய்ஜிங் ரயில் நிலையத்தில் குண்டோடு பெட்டியில் ஏறினார். ரயில் குலுங்கியது, குண்டு வெடித்து அவரே இறந்தார். அங்கே கொளுத்திய திரியும் இல்லை, இழுத்த கம்பியும் இல்லை, குலுக்கலே போதுமானதாக இருந்தது. இந்த நிகழ்வை விளக்கும்போது திரி, உருகி, கம்பி எதுவும் கைகொடுக்கவில்லை. "அதிர்ச்சி பட்டாலே வெடித்துவிடும் தூண்டுவெடி" என்று எழுதினேன், வாக்கியம் நின்றுவிட்டது. அந்தக் குண்டுக்குச் சில வாரங்களுக்குள் பேரரசு காவல்துறைக்கென்று தனி அமைச்சகம் அமைத்தது. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கியவர்கள் அப்படி உருவான காவல் அமைப்பைச் சேர்ந்தவர்கள்.

அவர்களை "ஒற்றர்" என்று எழுதலாம், குறளில் ஒற்றாடல் அதிகாரமே இருக்கிறது என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். மரியாதையோடு மறுக்கிறேன். ஒற்றர் நடக்கப்போவதை மறைந்திருந்து அறிந்து அரசனிடம் சொல்பவர். இவர்கள் நடந்துவிட்டதன் தடயத்திலிருந்து பின்னோக்கிப் போனவர்கள். துப்பு என்ற சொல் அதற்கென்றே இருக்கிறது. துப்பறிவாளர் என்பதையே வைத்துக்கொள்கிறேன்.

சொல் நிற்கிறதா என்று பார்க்க, என் வரைவிலிருந்து ஒரு பகுதி:

"பாலத்தடியில் கிடைத்த இரும்புக் கூட்டைத் துப்பறிவாளர் விளக்கடியில் வைத்துப் பார்த்தார். மருந்து கெட்டுப்போகவில்லை. தூண்டுவெடியும் அதன் இடத்தில் இருந்தது. கம்பிதான் எட்டவில்லை."

கல்குவாரி ஐயா இதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, நாக்கு எங்கேயாவது தடுக்கினால் எழுத வேண்டும். மற்றவர்களின் மறுப்பும் வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் நல்லது. சனிக்கிழமை அத்தியாயம் அச்சுக்குப் போகிறது.

அன்புடன்.