நிஃப்டி 50 பேக்டெஸ்ட்ல நம்பவே முடியாத ரிட்டர்ன் வருது, எங்க தப்பு?

கத்துக்குட்டி_08:
வணக்கம் எல்லாருக்கும். பைதான்ல ஒரு சின்ன மொமென்ட்டம் பேக்டெஸ்ட் (பழைய விலைய வச்சு ஓட்டிப் பாக்குறது) எழுதிருக்கேன், நிஃப்டி 50ல, அதாவது என்எஸ்இயோட பெரிய கம்பெனிங்க இண்டெக்ஸ்ல, போன 12 மாசத்துல அதிகம் ஏறின 10 ஷேர எடுத்து மாசாமாசம் மாத்துறது, அவ்ளோதான். 2008 ஜனவரில இருந்து ஓட்டுனா அந்த கிராஷ்லயே பெருசா அடி விழல, அதுக்கப்புறம் ராக்கெட் மாதிரி போகுது. ரூம்மேட் கிட்ட காட்டினேன், அப்புறம் ஏன்டா இன்னும் வாடகை பாக்கி வச்சிருக்கன்னு கேக்குறான். புரோக்கரேஜ், எஸ்டிடி (ஷேர் வாங்கி விக்கிறதுக்கான வரி) எல்லாம் கழிச்சாச்சு. கோட மூணு தடவ பாத்துட்டேன். நிஃப்டி லிஸ்ட் போன வாரம் டவுன்லோட் பண்ணது, விலை யாஹூல இருந்து எடுத்தது. எங்க உதைக்குது?

பாவ்காப்பி_பைத்தியம்:
2009, 2010ல உங்க கோட் என்னென்ன வாங்கிருக்கு? அத மட்டும் போடுங்க தம்பி.

கத்துக்குட்டி_08:
பஜாஜ் ஃபைனான்ஸ், ஐஷர், டைட்டன் அடிக்கடி வருது அண்ணா.

பாவ்காப்பி_பைத்தியம்:
நெனச்சேன். பஜாஜ் ஃபைனான்ஸ் நிஃப்டிக்குள்ள வந்ததே 2017 செப்டம்பர் 29. 2009ல அந்தப் பேரே கிடையாது, அப்ப அது பஜாஜ் ஆட்டோ ஃபைனான்ஸ். ஐஷர் 2016 ஏப்ரல், டைட்டன் 2018 ஏப்ரல். இதெல்லாம் ஏறுனதாலதான் இண்டெக்ஸ்ல சேத்தாங்க, நீங்க ஏறி முடிச்சவன் லிஸ்ட்ட கையில வச்சுக்கிட்டு 2009க்குப் போய் வாங்குறீங்க. விடைத்தாள பாத்துட்டு பரீட்சை எழுதுற கதை. அன்னிக்கு நிஃப்டில இருந்த யூனிடெக், சுஸ்லான், ஆர்காம், ஜேபி அசோசியேட்ஸ் எல்லாம் உங்க லிஸ்ட்லயே இல்லையே. யூனிடெக் 2008 ஜனவரில 500 ரூபா பக்கம் இருந்துச்சு, வருஷக் கடைசில 50க்கும் கீழ. உங்க கோடுக்கு அப்படி ஒரு கம்பெனி இருந்ததே தெரியாது, அப்புறம் எப்படி அடி விழும்.

இன்னிக்கு லிஸ்ட்ல ஆரம்பிச்சு பின்னாடி நடங்க. இண்டெக்ஸ் நடத்துறவங்க ஒவ்வொரு மாத்தத்துக்கும் பிரஸ் ரிலீஸ் விடுவாங்க, அதுல சேத்தத எடுத்துட்டு நீக்குனத திரும்பப் போட்டுக்கிட்டே போகணும்.

கத்துக்குட்டி_08:
ரெண்டு நாளா உக்காந்து பண்ணேன் அண்ணா. லிஸ்ட்ல ஒரு தேதிக்கு 48 ஷேர் வருது, இன்னொரு தேதிக்கு 53, நடுவுல பேர் கிடைக்கலன்னு கீ எரர் வேற. ரிட்டர்ன் குறைஞ்சிருக்கு, ஆனா இன்னும் ஓவராதான் தெரியுது. 2016ல 51 காட்டுது, அதயும் எப்படி சரி பண்றதுன்னு தெரியல.

எக்ஸெல்_அக்கா:
51 சரிதான், கை வைக்காதீங்க. 2016 ஏப்ரல்ல டாடா மோட்டார்ஸோட இன்னொரு வகை ஷேரான டிவிஆர் உள்ள வந்துச்சு, 2017 செப்டம்பர் வரைக்கும் நிஃப்டி 50ல 51 ஷேர். 2023 ஜூலை 20ல ஜியோ ஃபைனான்ஷியல் பிரிஞ்சப்பவும் செப்டம்பர் 7 வரைக்கும் அதே கதை.

கீ எரர் பேர் மாத்தத்தால. ஹீரோ ஹோண்டா ஹீரோ மோட்டோகார்ப் ஆச்சு, யூடிஐ பேங்க் ஆக்சிஸ் ஆச்சு, சேசா கோவா சேசா ஸ்டெர்லைட் ஆகி அப்புறம் வேதாந்தா ஆச்சு. என்எஸ்இல சிம்பல் மாத்துன ஃபைல் ஒண்ணு இருக்கு, அத வச்சு ஒவ்வொரு கம்பெனிக்கும் நீங்களே ஒரு நம்பர் குடுத்துருங்க. ஐசின் (ஒவ்வொரு ஷேருக்கும் இருக்குற அடையாள நம்பர்) வச்சு கோக்கலாம்னு நானும் ஆரம்பிச்சு மாட்டுனேன், முகமதிப்பு மாறுனா ஐசினும் மாறும், 2019 செப்டம்பர்ல எச்டிஎஃப்சி பேங்க் 2 ரூபாய 1 ரூபாயா பிரிச்சப்ப அதான் நடந்துச்சு.

ஒரு ஷேருக்கு ஒரு உள்ள-வந்த தேதி, ஒரு வெளிய-போன தேதின்னு டேபிள் போட்டிருந்தா அதயும் மாத்துங்க. வேதாந்தா 2016 ஏப்ரல்ல போய், 2017 மேல திரும்பி வந்து, 2020 ஜூலைல மறுபடி போச்சு.

பாவ்காப்பி_பைத்தியம்:
இன்னொண்ணு, லிஸ்ட்ல பேர் இருக்கு, யாஹூல விலை இல்ல, அப்ப உங்க கோட் என்ன பண்ணுது?

கத்துக்குட்டி_08:
டிராப்என்ஏ போட்டிருக்கேன், விலை இல்லாத வரிய தூக்கிரும்... ஐயோ.

பாவ்காப்பி_பைத்தியம்:
😂 முன்வாசல்ல தொரத்துன சனியன கொல்லப்புறமா கூட்டிட்டு வந்துட்டீங்க. விலை கிடைக்காதது பெரும்பாலும் செத்த கம்பெனிதானே, அத மட்டும் பொறுக்கி தூக்குறது முன்னாடி பண்ண அதே தப்புதான். சத்யம் கம்ப்யூட்டர்ஸயே எடுங்க. 2009 ஜனவரி 7 கணக்குல மோசடின்னு சேர்மன் ராஜு ஒத்துக்கிட்ட லெட்டர் வெளிய வந்துச்சு, 179 ரூபா கிட்ட இருந்த ஷேர் ஒரே நாள்ல 40 கிட்ட வந்துருச்சு, 12ஆம் தேதி நிஃப்டில அந்த எடத்துல ரிலையன்ஸ் கேப்பிட்டல். கையில வச்சிருந்தவனுக்கு அந்த விழுந்த விலைதான் கணக்கு, விலை இல்லன்னு அந்த வரியவே தூக்கிட்டா நஷ்டமும் காணாமப் போயிரும்.

என்எஸ்இ தினமும் விடுற விலைப் பட்டியல், பாவ்காப்பி, அத எடுங்க. அன்னன்னிக்கு ட்ரேட் ஆன எல்லாமே அதுல இருக்கும், பின்னாடி செத்ததும் சேத்து. ஆனா விலை அட்ஜஸ்ட் பண்ணாத விலை, போனஸ், ஸ்ப்ளிட் எல்லாம் நீங்கதான் பாக்கணும். இல்லன்னா 2018 செப்டம்பர்ல இன்ஃபோசிஸ் 1:1 போனஸ் குடுத்தப்ப பாதி காசு போச்சுன்னு கோட் அழும்.

எக்ஸெல்_அக்கா:
காணாமப் போனதெல்லாம் செத்ததுன்னும் நெனச்சுறாதீங்க. வீட்டுக்கடன் கம்பெனி எச்டிஎஃப்சி 2023 ஜூலைல வெளிய போனது எச்டிஎஃப்சி பேங்கோட சேந்ததால, 25 ஷேருக்கு பேங்க் ஷேர் 42 கிடைச்சுது. அத பூஜ்யம்னு போட்டா எதிர்ப்பக்கம் தப்பு.

கத்துக்குட்டி_08:
எல்லாம் மாத்தி ஓட்டுனேன். 2008ல செம அடி, மொத்தத்துல நிஃப்டி டிஆர்ஐய (டிவிடெண்டும் சேத்த நிஃப்டி) விட கொஞ்சூண்டு மேல, அவ்ளோதான். வாடகை சம்பளத்துலதான் குடுக்கணும் போல. கடைசியா ஒண்ணு, யெஸ் பேங்க் வெளிய போன தேதி ஒரு ரிலீஸ்ல 2020 மார்ச் 27, இன்னொண்ணுல 19. எது?

பாவ்காப்பி_பைத்தியம்:
19. மொதல்ல 27ன்னுதான் அறிவிச்சாங்க, மார்ச் 5ல ஆர்பிஐ மொரட்டோரியம் (பணம் எடுக்க கட்டுப்பாடு) போட்டதும் முன்னாடி இழுத்துட்டாங்க. அந்த எடத்துல ஸ்ரீ சிமெண்ட். ஒரே மாத்தத்துக்கு ரெண்டு ரிலீஸ் இருந்தா பிந்துனத எடுங்க, ரெண்டயும் போட்டா ஸ்ரீ சிமெண்ட் ரெண்டு தடவ உள்ள வரும்.