புதுப்பிப்பு: எதிர்வீட்டுப் பையனின் ரெசிஃபி கிறிஸ்துமஸ்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள புரோவோ நகரில் எங்கள் எதிர்வீட்டில் வளர்ந்த பையன், மார்மன் சபையின் 2 ஆண்டு சமயப் பரப்பு ஊழியத்துக்காகப் பிரேசிலின் ரெசிஃபி நகரில் இருக்கிறான் என்றும், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே அவன் வீட்டாருடன் பேச முடியும் என்றும் சென்ற வாரம் எழுதியிருந்தேன். இரண்டாவது செய்தி தவறு. அது பழைய விதி. 2019 பிப்ரவரி முதல் வாரந்தோறும் பேசலாம் என்று அவனுடைய தாயார் சிரித்துக்கொண்டே திருத்தினார்.

25ஆம் தேதி காலை 8 மணிக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அங்கே அப்போது நண்பகல், அதுவும் கோடைக்காலம். அரைக்கைச் சட்டையில் கறுப்புப் பெயர்ப்பட்டையும் கழுத்துப்பட்டியுமாக, வியர்வை வழிய, தன் சக ஊழியனுடன் மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் முதலில் கேட்டது பனியைத்தான். தந்தை கைபேசியைச் சன்னலுக்குக் கொண்டுபோய் முற்றத்தைக் காட்டினார்.

பிரேசிலில் 24ஆம் தேதி நள்ளிரவில்தான் விருந்து களைகட்டும். ஊழியர்களோ இரவு 9 மணியளவில் தங்குமிடம் திரும்பிவிட வேண்டியவர்கள். ஆகவே சபைக் குடும்பம் ஒன்று, ரொட்டித் துண்டுகளைப் பாலிலும் முட்டையிலும் நனைத்துப் பொரித்து, சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவிய ரபனாடாவை மாலையிலேயே கட்டிக் கொடுத்திருக்கிறது. மிச்சமிருந்த ஒரு துண்டைத் திரையருகே பிடித்துக் காட்டினான். நலமாக இருக்கிறானா என்று கேட்டிருந்தவர்களுக்கு: இளைத்திருக்கிறான், ஆனால் வாய் ஓயவில்லை. தாயார் ரபனாடா செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டார்.