500 மணி நேர சால்ட் ஸ்ப்ரே முடிவை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

கேள்வி:
மைல்ட் ஸ்டீல் தகட்டில் ஜிங்க் பாஸ்பேட் (பூச்சு பிடிக்க உதவும் படிகப் படலம்), அதன்மேல் 70 மைக்ரான் பவுடர் கோட்டிங். கீறிய பேனலை உப்பு மூட்டச் சேம்பரில் வைக்கும் சால்ட் ஸ்ப்ரே சோதனையை ஐஎஸ்ஓ 9227 தரப்படி 500 மணி நேரம் ஓட்டினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று வாரம் போய்விடுகிறது. அதனால் 3.5% உப்புக் கரைசலில் இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குப் பூச்சு காட்டும் தடை) எடுத்தோம். 0.01 ஹெர்ட்ஸில் இரண்டு பேட்சுமே 10¹⁰ ஓம்·செ.மீ². ஆனால் சேம்பரில் கீறல் ஓரமாக ஒன்று 1 மி.மீ. உரிந்தது, மற்றது 6 மி.மீ. எங்கே தப்பு?

பதில் 1:
அளவீட்டில் தப்பு இல்லை. கீறாத பூச்சில் எடுக்கும் இம்பிடன்ஸ், தண்ணீரையும் அயனிகளையும் பூச்சு எவ்வளவு தடுக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். கீறலில் நடப்பது வேறு கதை. அங்கே இரும்பு கரைகிறது; விடுபடும் எலெக்ட்ரான்கள் பக்கத்தில் பூச்சுக்கு அடியில் போய் ஆக்சிஜனை ஒடுக்குகின்றன. அந்த இடத்தில் காரம் சேர்ந்து பிஎச் ஏறும். பாஸ்பேட் படிகம் அந்தக் காரத்தில் கரைந்தால் பிடிமானம் போச்சு, பூச்சு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் சரி.

ஆகவே பாஸ்பேட்டைப் பாருங்கள். இரும்பு கலந்த பாஸ்போபிலைட் காரத்தை நன்றாகத் தாங்கும். வெறும் துத்தநாகம் கொண்ட ஹோபைட் அவ்வளவு தாங்காது. முக்கி எடுக்கும் முறையில் முதலாவது அதிகம், ஸ்ப்ரேயில் இரண்டாவது அதிகம். பாத்தில் மாங்கனீஸும் நிக்கலும் இருந்தால் ஹோபைட்டும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆக்டிவேஷன் பாத் (படிகம் பொடியாக வளர பாஸ்பேட்டுக்கு முன் முக்கும் கரைசல்) பழசாகிவிட்டால் படிகம் பெரிதாகி இடையில் வெற்று இரும்பு தெரியும். பவுடர் அடிக்கும் முன் ஒரு துண்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாலே இது தெரிந்துவிடும். கடைசி ரின்ஸ் சொட்டும் நீரின் கடத்துதிறனையும் அளந்துவிடுங்கள். செ.மீ.க்கு 50 மைக்ரோசீமென்ஸுக்கு மேல் போனால் அடியில் தங்கும் உப்பு தண்ணீரை உள்ளே இழுத்துக் கொப்புளம் கிளப்பும்.

விரைவுச் சோதனை வேண்டுமென்றால்: கீறிய பேனலை உப்புக் கரைசலில் வைத்து, கலோமல் மின்முனைக்கு (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கும் மின்முனை) எதிராக -1.05 வோல்ட்டில் 24 மணி நேரம் பிடியுங்கள். கழுவி, துடைத்து, டேப் ஒட்டி இழுங்கள். பேட்சுக்குக் குறைந்தது 3 பேனல். உங்கள் 1 மி.மீ.யும் 6 மி.மீ.யும் பெரும்பாலும் இதிலேயே பிரிந்துவிடும். மின்னழுத்தத்தை இன்னும் எதிர்மறையாக இறக்க வேண்டாம். ஹைட்ரஜன் குமிழி வந்து நல்ல பூச்சையும் தூக்கிவிடும்.

பதில் 2:
அந்த 10¹⁰ஐயும் கொஞ்சம் சந்தேகியுங்கள். செல் பரப்பு 10 ச.செ.மீ. என்றால் உண்மையான மின்தடை 10⁹ ஓம். 10 மில்லிவோல்ட் கொடுத்தால் ஓடுவது 10 பிகோஆம்பியர்தான். ஃபாரடே கூண்டு (வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோகக் கூண்டு) இல்லாமல் அதை அளப்பது வீண். இவ்வளவு தடிமனான பூச்சுக்கு 30 மில்லிவோல்ட் வரை ஏற்றலாம். முதலில் செல்லை இணைக்காமல் வெறும் ஒயர்களை மட்டும் வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். அதிலும் இதே மதிப்பு வந்தால் நீங்கள் அளந்தது கருவியைத்தான்.

முதல் நாள் எண்ணைவிட அது எப்படி நகர்கிறது என்பது முக்கியம். 1, 24, 72, 168 மணியில் எடுங்கள். 10 கிலோஹெர்ட்ஸில் கெபாசிட்டன்ஸ் ச.செ.மீ.க்கு 50 பிகோஃபாரடிலிருந்து 55க்கு ஏறினால், பிரேஷர்-கிங்ஸ்பரி கணக்குப்படி பூச்சு கொள்ளளவில் சுமார் 2.2% தண்ணீர் குடித்திருக்கிறது: லாக்(55/50) ÷ லாக்(80). இதில் 80 என்பது தண்ணீரின் டைஎலெக்ட்ரிக் மாறிலி. ஏறி ஒரு இடத்தில் நின்றால் கவலை இல்லை. நிற்காமல் ஏறிக்கொண்டே போய், 0.01 ஹெர்ட்ஸ் மதிப்பும் 10⁶ பக்கம் விழுந்தால் அந்தப் பூச்சு தடுப்பாக இனி உதவாது.

கேட்டவர்:
நன்றி. கஸ்டமர் 500 மணி நேரம் எத்தனை வருஷத்துக்குச் சமம் என்று கேட்கிறார். என்ன சொல்வது?

பதில் 3:
எண் எதுவும் சொல்லாதீர்கள். 35 டிகிரியில் 5% உப்பு மூட்டம் இடைவிடாமல் விழும் சேம்பரில் பேனல் காய்வதே இல்லை. உதாரணமாக, கால்வனைஸ் செய்த இரும்பின் மேலுள்ள துத்தநாகம் வெளியில் நனைந்து காய்ந்து கார்பனேட் படலம் கட்டிக்கொள்ளும். அதுதான் அதைக் காப்பது. சேம்பரில் அது கட்ட வழியில்லாததால் கால்வனைஸ் செய்தது உண்மையைவிட மோசமாகத் தெரியும். பூச்சில்லாத கால்வனைஸ் என்றால் சூழலின் அரிப்புத் தன்மையை வகுக்கும் ஐஎஸ்ஓ 9223 வைத்துக் கணக்குப் போடலாம்: சி3 (நடுத்தர அரிப்பு) சூழலில் வருடத்துக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் தேயும். 85 மைக்ரான் இருந்தால் 40 வருடம் தாண்டும்.

பவுடர் கோட்டிங்குக்கு அப்படி நேர்க்கணக்கு கிடையாது. களத்தில் பெயர் வாங்கிய ஒரு பழைய பேட்சின் பேனலை எப்போதும் கூடவே ஓட்டுங்கள். நனைதல், காய்தல், உப்பு மூன்றும் மாறி மாறி வரும் சுழற்சிச் சோதனையில் அதைவிடப் புதியது எவ்வளவு உரிகிறது என்று ஒப்பிட்டுச் சொல்லுங்கள். உரிதலை அளக்கும்போது மொத்த அகலத்திலிருந்து கீறல் அகலத்தைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 6.5 மி.மீ. அகலம், 0.5 மி.மீ. கீறல் என்றால் உரிதல் 3 மி.மீ. இதை மறந்து முழு அகலத்தையும் எழுதிவிட்டால் நல்ல பேட்சும் ரிஜெக்ட் ஆகிவிடும். உங்கள் 6 மி.மீ. எப்படி வந்தது என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள்.