உப்புப் பூ: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

நான், காலை 9.40
நாளை காலை ஒரு காதுகுத்து வீட்டுக்கு 60 கேழ்வரகு சாக்லேட் பிஸ்கட் கொடுக்க வேண்டும். மேலே தூவுகிற மால்டன் என்ற இதழ் உப்பு டப்பாவின் அடியில் ஒரு சிட்டிகைதான் கிடக்கிறது. ஆர்டர் போட்டால் செவ்வாய்க்கிழமைதான் வருமாம். என்ன செய்யலாம்?

விளாங்குடி சித்தி, 9.44
உப்புக்கா ஆர்டர் போடுகிறாய்? என் ஜாடி நிறையக் கல் உப்பு இருக்கிறது, போன வெள்ளிக்கிழமை வாங்கியது. வந்து அள்ளிக்கொண்டு போ.

நான், 9.51
சித்தி, கல் உப்பை ஒருமுறை அப்படியே தூவிப் பார்த்துவிட்டேன். சோற்றில் கல் கடித்தது போல நறுக்கென்றது. அந்த வாய் முழுக்கக் கரிப்பு, அடுத்த வாயில் உப்பே இல்லை. மால்டன் உப்பு ஒவ்வொன்றும் சின்னக் கோபுரம் மாதிரி, உள்ளே கூடாக இருக்கும். நகம் பட்டாலே நொறுங்கும், நாக்கில் வைத்ததும் கரையும். அந்த நொறுங்கலுக்குத்தான் அவ்வளவு விலை கொடுக்கிறேன்.

மதினி, 9.55
தூள் உப்பு?

நான், 9.58
அது வெண்ணெய் ஈரத்தில் உடனே கரைந்துவிடும் மதினி, பல்லுக்குத் தெரியாது. அளவும் மாறும். தூள் உப்பு ஒரு தேக்கரண்டி 6 கிராம் வரும். இதழ் உப்பு அதே கரண்டியில் ஏறக்குறைய பாதி எடைதான். கரண்டிக்குக் கரண்டி மாற்றிப் போட்டால் பிஸ்கட் கரித்துவிடும். தராசில் நிறுத்துத்தான் மாற்ற வேண்டும்.

தம்பி, 10.10
இந்துப்பு தூவு அக்கா. ரோஸ் நிறம், பார்க்க அழகாக இருக்கும்.

நான், 10.13
அது பாகிஸ்தானில் கேவ்ரா பக்கம் சுரங்கத்தில் வெட்டி எடுக்கிற பாறைடா. பல்லுக்குக் கல் உப்பு மாதிரியே கெட்டி. பொடித்து மாவில் போடலாம், மேலே ஆகாது. கருப்பு உப்பு என்று மட்டும் சொல்லிவிடாதே, வேகவைத்த முட்டை வாசம் வரும்.

தூத்துக்குடி பெரியப்பா, 11.05
தாயி, இப்போதுதான் பார்த்தேன். நீ சொல்கிற சாமான் எங்கள் உப்பளத்திலேயே பூக்கும். காற்று அடங்கின நேரம் பாத்தித் தண்ணீர் மேல் பால் ஏடு மாதிரி மெல்லிசாகப் படியும். லேசாகக் காற்று அடித்தாலும் உடைந்து அடியில் போய்விடும். அடியில் கிடந்து தடித்ததுதான் சித்தி ஜாடியில் இருக்கும் கல் உப்பு.

நீ வீட்டிலேயே எடுக்கலாம். அரை லிட்டர் தண்ணீரில் 175 கிராம் கல் உப்பைக் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டு. அகலமான எவர்சில்வர் பாத்திரம் எடு. அலுமினியம், இரும்பு வேண்டாம், அரிக்கும். அடுப்பைச் சிறு தீயில் வை. கொதிக்கக் கூடாது, கிளறவும் கூடாது. பாகு மாதிரி ஆறினால் கட்டும் என்று இறக்கி வைத்துவிடாதே. வெந்நீரோ பச்சைத் தண்ணீரோ, உப்பு ஏறக்குறைய ஒரே அளவுதான் கரையும். தண்ணீர் ஆவியாகப் போகப் போகத்தான் வெளியே வரும். மேலே மிதப்பதை ஓட்டைக் கரண்டியால் அள்ளு. கடைசிக் கால் பங்குத் தண்ணீரை வற்ற விடாதே, கொட்டிவிடு. கசப்பெல்லாம் அதில்தான் நிற்கும். மெக்னீசியம்.

நான், 11.12
பெரியப்பா, பிரான்சில் கெராந்து என்ற ஊரில் இப்படித்தான் மேலாக வழித்து எடுக்கிறார்கள். அவர்கள் வைத்த பெயருக்கும் உப்புப் பூ என்றுதான் அர்த்தம்! இதோ அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.

நான், மதியம் 1.50
முதல் ஈடு வீண். தீ கூடிப்போய் எல்லாம் குருணையாகிவிட்டது. திரும்பக் கரைத்துத் தீயைக் குறைத்தேன். அப்புறம் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முதலில் கோலப் புள்ளி மாதிரி சின்னச் சதுரங்கள் மிதந்தன. நடுப்பகுதி தண்ணீருக்குள் இறங்க, ஓரம் மட்டும் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டே போனது. ஒன்றை எடுத்துக் கவிழ்த்தேன். கோபுரம்!

மதினி, 1.58
எப்போது தூவ வேண்டும்? நானும் நாளை பன் போடப் போகிறேன்.

நான், 2.06
பிஸ்கட் என்றால் அடுப்பிலிருந்து எடுத்த கையோடு, மேற்பக்கம் இளகி இருக்கும்போதே. ஆறிவிட்டால் ஒட்டாமல் தட்டில் உதிரும். பன்னுக்குப் பால் தடவி, அடுப்பில் வைக்கும் முன்பே தூவிவிடுங்கள். கேரமல் என்றால் கொஞ்சம் ஆறட்டும், சூட்டில் போட்டால் கரைந்துவிடும். பள்ளிக்கூட வாசல் மாங்காய்க்காரர் கீற்றுப் போட்டு, நம் கையில் கொடுக்கும்போதுதானே மிளகாய் உப்பைத் தூவுவார்? முன்கூட்டியே தூவினால் தண்ணீர் விட்டுவிடும். அதே கணக்குத்தான். உப்பு வெண்ணெய் போட்டிருந்தால் மாவில் தனியாக உப்பு வேண்டாம் மதினி.

விளாங்குடி சித்தி, 2.15
ஈரம் போக உலர்த்திப் பாட்டிலில் இறுக்கி மூடு. மழைக்காலத்தில் நாலு அரிசியும் போட்டு வை.

நான், மாலை 6.20
60 பிஸ்கட்டும் முடிந்தது. மொத்தத்துக்கும் 20 கிராம் உப்புகூடப் பிடிக்கவில்லை. மால்டனை விட இதழ் கொஞ்சம் தடிமன், ஆனால் கடித்தால் அதே நொறுங்கல். உடைந்த நாலைத் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன் சித்தி, சாப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தூத்துக்குடி பெரியப்பா, 6.41
மழை முடிந்து மாசியில் பாத்தி சரியாகிவிடும். அப்போது வா தாயி. பூவை உன் கையாலேயே அள்ளலாம்.

நான், 6.42
கட்டாயம் வருகிறேன் பெரியப்பா. ஓட்டைக் கரண்டி நானே கொண்டு வருகிறேன்.