நீராவிக் கப்பல் நாவல்: ரங்கூன், பெகு, மொல்மேன் ஆட்கள் படித்த கதை

தொடங்கி வைப்பவர், ரங்கூன்:

இந்த மழைக்காலம் முழுக்க நம்ம வாசிப்புக் குழுவில் ஒரே நாவல்தான் ஓடியது. ஆங்கிலம், நானூறு பக்கத்துக்கு மேல், ஸ்டீம்பங்க் வகை, அதாவது எல்லாம் நீராவியில் ஓடும் கற்பனை உலகக் கதை. நிலம் பெரும்பாலும் முழுகிப்போன ஒரு உலகம். மிஞ்சிய துறைமுகங்களுக்கு இடையே பித்தளைக் குழாயும் பாயும் சேர்த்து வைத்த கப்பல்கள் ஓடுகின்றன. பாய்லருக்கு நிலக்கரி கிடையாது, ஆழ்கடல் விலங்கு ஒன்றின் கொழுப்புதான் எரிபொருள். அந்த விலங்கைத் துரத்தும் ஒரு கப்பல், அந்தக் கப்பலைத் துரத்தும் ராஜாவின் கடற்படை, நடுவில் ஒரு பெண் கேப்டன். முடிவை மட்டும் யாரும் இங்கே உடைத்துவிடாதீர்கள், சிலர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே போட்டுவிடுகிறேன். எழுத்து அருமை. புயல் வரும் அத்தியாயத்தைக் கரண்ட் போன ராத்திரியில் போன் வெளிச்சத்தில் ஒரே மூச்சாகப் படித்தேன். ஆனால் இந்த ஆசிரியர் கொழுப்பு எத்தனை பீப்பாய் மிச்சம் என்று அத்தியாயம் தவறாமல் எண்ணுகிறார். அதை அடுப்பில் அள்ளிப் போடும் ஆட்கள் எத்தனை பேர் என்று ஒரு இடத்திலும் எண்ணவில்லை. பெயரும் இல்லை. 'கீழே இருப்பவர்கள்' என்றே கடைசிவரை ஓட்டிவிடுகிறார். நம்மில் பாதிப் பேர் டெக் டிக்கெட்டில், கப்பலின் திறந்த தளத்தில் உட்கார்ந்து, பர்மாவுக்கு வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள். நமக்கு உறுத்தாதா?

எங்கே வைத்துப் படித்தீர்கள், எது பிடித்தது, எந்த இடத்தில் மூடி வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.

தாலா, கல்லூரி மாணவி:

எனக்கு உறுத்தல அண்ணே.

நான் இதைப் பெரும்பாலும் ரங்கூன் ஆத்தைக் கடக்குற படகுலதான் படிச்சேன். தாலாவுல ஏறி பான்சோடான்ல இறங்குற நேரத்துக்கு நாலஞ்சு பக்கம் ஓடும். சுத்தி மீன் கூடை, சுண்டல் விக்கிறவங்க, சைக்கிள். அந்தச் சத்தத்துல உட்கார்ந்து ஒரு பெண் கேப்டன் தன் ஆட்கள்கிட்ட தைரியமா பொய் சொல்ற இடத்தைப் படிச்சப்போ, இறங்க வேண்டிய இடம் வந்ததே தெரியல. கரை பக்கம்தான்னு சொல்றா. பக்கமில்லைன்னு அவளுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். சுக்கான் பிடிக்கிறவனுக்கும் தெரியும், ஆனா அவன் வாயைத் திறக்கல. அந்த மூணு பக்கத்துக்காகவே எத்தனை பேருக்கு வேணும்னாலும் சிபாரிசு பண்ணுவேன்.

என்ஜின் வர்ற பக்கமெல்லாம் தள்ளிட்டேன். பிஸ்டன், வால்வுன்னு வந்தா என் கண்ணு தானா அடுத்த பாராவுக்குப் போயிடுது. காதல் கதையும் எனக்கு ஒட்டல. கடற்படை அதிகாரிக்கும் அவளுக்கும் நடுவுல ஏதோ இருக்குன்னு ஆசிரியர் சொல்றாரு, இவர் சொல்றாரேன்னு நம்ப வேண்டியிருக்கு.

தாம்வே, ஓய்வுபெற்ற கப்பல் என்ஜினியர்:

தங்கச்சி தள்ளிவிட்ட பக்கங்களைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன்.

நான் வேலை பார்த்ததெல்லாம் டீசல் கப்பல். ஆனால் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சீஃப் என்ஜினியர் நீராவியில் தொடங்கியவர், அதனால் கொஞ்சம் காதில் விழுந்திருக்கிறது. இந்த நாவலில் கப்பல் மூன்று மாதம் கரை தொடாமல் ஓடுகிறது. கொழுப்புக் கணக்கு சரி, தண்ணீர்க் கணக்கு எங்கே? ஆரம்பகாலக் கப்பல்களில் கடல் தண்ணீரையே பாய்லரில் விட்டார்கள். ஆவி போய்விடும், உப்பு உள்ளேயே நிற்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை உப்பேறிய தண்ணீரில் கொஞ்சத்தை வெளியே தள்ளிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். விடாவிட்டால் தகட்டில் உப்பு படிந்து இறுகும், அந்த இடம் சூடேறிப் பலவீனமாகும், ஒருநாள் பிய்த்துக்கொள்ளும். அதனாலேயே அழுத்தத்தையும் அதிகம் ஏற்ற முடியாது. வேலை முடித்த ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி அதே பாய்லருக்குத் திருப்பி அனுப்புவது சர்ஃபேஸ் கண்டென்சர். சாமுவேல் ஹால் அதற்கு 1834-ல் காப்புரிமை வாங்கினார், ஆனாலும் கப்பல்களில் பரவலானது 1860-களில்தான். தூரக் கடலில் நீராவி கட்டுப்படியானது அதற்குப் பிறகு. 1869-ல் சூயஸ் கால்வாயும் திறந்ததும் கிழக்குப் பாதையில் பாய்க்கப்பலின் காலம் இறங்கத் தொடங்கிவிட்டது. நாவல் ஆசிரியர் ஒரு கண்டென்சரை ஒரே வரியில் சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

மற்றபடி, நாவலில் வரும் ராட்சதக் கப்பல் அளவுக்கு மீறிய கற்பனை என்று குழுவில் ஒருவர் சொன்னார். அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 1858-ல் கடலில் இறங்கிய கிரேட் ஈஸ்டர்ன் 211 மீட்டர் நீளம். ஆறு பாய்மரம், ஐந்து புகைபோக்கி, இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம், பின்னால் ப்ரொப்பெல்லர், எல்லாம் ஒரே கப்பலில். நடுவழியில் கரி ஏற்றாமல் கிழக்கு நாடுகளுக்குப் போய் வர வேண்டும் என்று ப்ரூனல் என்ற ஆங்கிலேய என்ஜினியர் போட்ட திட்டம். அந்த வேலைக்கு அது ஒருநாளும் வரவில்லை. 1870-ல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே தந்திக் கம்பி போடத்தான் நம்ம பக்கத்துக் கடலுக்கு வந்தது.

அந்தக் கப்பலின் 1859 வெள்ளோட்டத்தில் முன் புகைபோக்கி வெடித்தது. புகைபோக்கியைச் சுற்றித் தண்ணீர் சூடாக்கும் உறை ஒன்று இருந்தது, அதன் ஆவி வெளியேறும் குழாயை யாரோ மூடி வைத்துவிட்டார்கள். மேலே விருந்தாளிகள் தப்பினார்கள். கீழே அடுப்படியில் நின்றவர்கள் வெந்து செத்தார்கள். நாவலிலும் புகைபோக்கி வெடிக்கிறது, பார்த்தவர்களுக்குத் தெரியும். நாம் அதைக் கேப்டன் நிற்கும் மேல்தளத்திலிருந்து பார்க்கிறோம், வர்ணனை இரண்டு பக்கம். கீழே என்ன ஆனது என்பதற்கு அரை வரி. தொடங்கி வைத்தவர் சொன்னது அதனால் எனக்கும் சரியாகத்தான் படுகிறது.

பெகு, கடைக்காரர்:

60-ஆம் பக்கத்தில் மூடிவிட்டேன். கப்பல் இன்னும் கிளம்பவே இல்லை. கிளம்பியதும் யாராவது சொல்லுங்கள்.

மொல்மேன், கோயில் தமிழ் வகுப்பு டீச்சர்:

இங்கே வகுப்பில் பிள்ளைகளுக்குத் தினம் கொஞ்சமாகத் தமிழில் கதையாகச் சொன்னேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத அவர்கள் அம்மாமார்களும் வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டம் சேர்ந்தது கேப்டனுக்காக இல்லை, துறைமுகத்தில் மரம் அடுக்கும் அந்த இரும்பு மிருகத்துக்காக. மொல்மேனில் மரக்கிடங்கும் அறுவை ஆலையும் கொடிகட்டிப் பறந்த காலத்தில் தேக்கு மரத்தை யானைகள்தான் இழுத்து அடுக்கின. அந்தக் கதை இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. நீராவியில் ஓடும் யானையை பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1880-லேயே எழுதிவிட்டார், வடஇந்தியா முழுக்க வீட்டையே இழுத்துக்கொண்டு போகும் யானை அது. இந்த நாவலின் மிருகம் அதன் பேரன்தான். ஆனால் பேரனுக்குப் பாகன் வைத்தது நல்ல யோசனை. காதுக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்து அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே மிருகத்திடம் பேசுகிறான், அதுவும் கேட்கிறது. பிள்ளைகள் அந்தப் பாகனைத்தான் படமாக வரைந்தார்கள்.

வெர்ன் பேச்சு வந்ததால் இன்னொன்று. நீர்மூழ்கிக் கப்பல் வைத்திருக்கும் அவருடைய கேப்டன் நீமோ இலங்கைப் பக்கம் முத்துக் குளிக்கும் இடத்துக்கு வருகிறான். சுறாவிடம் மாட்டிய ஒரு முத்துக்குளிப்பவனைக் காப்பாற்றி, ஒரு பை முத்தையும் அவன் கையில் வைத்துவிட்டுப் போகிறான். அது 1870-ல் வந்த கதை. நீமோ யார் என்பதை 1875-ல் வேறொரு நாவலில் சொல்கிறார், புந்தேல்கண்ட் ராஜகுமாரன். கப்பல் சாகசத்தில் நம்ம கடலும் நம்ம ஆளும் வருவது புதுசு இல்லை. அந்த முத்துக்குளிப்பவனுக்கும் பெயர் இல்லை என்பது வேறு விஷயம்.

அம்மாமார்கள் கேட்டது ஒன்றுதான்: இத்தனை பேருக்குச் சோறு யார் ஆக்குகிறார்கள்? அதற்கு நாவலில் பதில் இருக்கிறது. பித்தளைக் கை வைத்த சமையல்காரர். புத்தகத்தில் என் மனசுக்குப் பிடித்த ஆள் அவர்தான்.

ரங்கூன், பெரியவர்:

பிள்ளைகளா, நான் மெதுவாகப் படிக்கிறவன். பேரன் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தான், முடித்துவிட்டேன்.

இந்த ஊருக்கு நீராவி முதலில் வந்ததே சண்டைக்குத்தான். கல்கத்தா கிடர்பூரில் 1823-ல் கட்டிய டயானா என்ற சின்னத் துடுப்புச் சக்கரக் கப்பலை, அடுத்த வருஷமே முதல் பர்மா யுத்தத்தில் இறக்கினார்கள். காற்றும் நீரோட்டமும் எதிர்த்தால் பாய்க்கப்பல் ஐராவதி ஆற்றில் நகராது. டயானா அதைக் கட்டி இழுத்துக்கொண்டு மேலே போகும். அதற்கப்புறம் பர்மாவை ஆண்ட மிண்டோன் ராஜா தாமே நீராவிக் கப்பல்கள் வாங்கினார். அவர் மகன் தீபோ ராஜாவை 1885-ல் நாடு கடத்தியதும் தூரியா என்ற நீராவிக் கப்பலில். அதில் ரங்கூன் வரை, பிறகு வேறு கப்பலில் மெட்ராஸ், பிறகு ரத்னகிரி. நாவலில் கடற்படைக் கப்பல் ஆற்றுக்குள் நுழையும்போது கரையில் நிற்பவர்கள் வாயடைத்துப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். எனக்கு அங்கே ரசிக்கத் தோன்றவில்லை. கரையில் நின்றவர்கள் பக்கம்தான் மனசு போனது.

ஆனால் ஒரு அத்தியாயத்துக்கு இந்த ஆசிரியரைக் கும்பிடலாம். எதிரி கைக்குப் போய்விடக் கூடாது என்று ஒரு துறைமுகமே தன் கப்பல்களைத் தானே முழுக வைக்கிறது. அது கற்பனை என்று சின்னப் பிள்ளைகள் நினைக்கக் கூடாது. 1865-ல் தொடங்கிய ஐராவதி ஃப்ளோட்டிலா கம்பெனியிடம் 1920-களில் 600-க்கு மேல் கலங்கள் இருந்தன. ஆற்றுக் கப்பல் கூட்டத்தில் உலகத்திலேயே பெரிது என்பார்கள். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது அதில் பெரும்பகுதியைக் கம்பெனி ஆட்களே முழுகடித்தார்கள். அந்த வருஷம்தான் என் அப்பா மூட்டையோடு அரக்கான் பக்கம் நடந்தார். கம்பெனி கட்டடம் பான்சோடானில் இப்போதும் நிற்கிறது.

இன்னொன்று. ஆற்று முகத்துவாரத்தில் முனையில் நின்று மூங்கில் கழியை ஊன்றி ஆழம் சொல்லும் ஆள் ஒருத்தன் இரண்டு பக்கம் வருகிறான். பெயர் இல்லை, ஆனால் அவன் சொல்லுக்குக் கேப்டன் அடங்குகிறாள். ஐராவதியில் அப்படித்தான் ஆழம் பார்த்தார்கள், வேலையாட்கள் பெரும்பாலும் சிட்டகாங் பக்கத்தவர்கள். கீழே இருப்பவர்களை இந்த ஆசிரியருக்கு எழுதத் தெரியாது என்று சொல்ல முடியாது, தம்பி. தெரிந்திருக்கிறது. பாய்லர் அறைக்கு மட்டும் அவர் இறங்கவில்லை.

தாலா, கல்லூரி மாணவி:

ஐயா சொன்ன ஆழம் பார்க்கிறவரை நான் மறந்தே போயிட்டேன், திரும்பப் போய்ப் படிச்சேன். நல்லா இருக்கு.

ஆனா அண்ணே, என் பக்கத்தையும் கேளுங்க. கதை முழுக்க கேப்டன் கண்ணு வழியாத்தான் போகுது. அவ பாய்லர் அறைக்கு இறங்கறதே இல்ல, இறங்கினா தன் பொய் உடைஞ்சிடும்னு பயப்படுறா. அப்போ நமக்கு அங்க இருக்கிறவங்க பேர் தெரியாம இருக்கிறது அவளோட குத்தமா, ஆசிரியரோட குத்தமா? மொல்மேன் டீச்சர் சொன்ன முத்துக்குளிக்கிறவருக்குப் பேர் இல்லைன்னு யாரும் வெர்னைத் திட்டலையே.

தொடங்கி வைத்தவர், ரங்கூன்:

தங்கச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவள் இறங்காததற்குக் காரணம் பயம் என்று நான் யோசிக்கவே இல்லை. ஆனால் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில், பொய் உடைந்த பிறகும் அவள் இறங்கவில்லையே? அங்கே பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. அந்த இடத்தில் அவளைக் கீழே அனுப்பாதது ஆசிரியர் கைதான். என் குறை அந்த ஒரு அத்தியாயத்தோடு நிற்கட்டும், புத்தகம் முழுவதற்கும் நீட்டவில்லை.

இரண்டாம் பாகம் வந்துவிட்டது. தீபாவளிக்கு அப்புறம் தொடங்கலாமா? கை தூக்குகிறவர்கள் இங்கேயே சொல்லுங்கள். டீச்சர் வாரம் ஒருமுறை குரல் பதிவில் தமிழில் சொல்லித் தருவதாக இருந்தால் பெகு அண்ணனையும் இழுத்துவிடலாம்.

தாம்வே, ஓய்வுபெற்ற கப்பல் என்ஜினியர்:

இரண்டாம் பாகம் கையில் வைத்திருப்பவர்கள் முதல் அத்தியாயத்தில் அந்தக் கப்பலுக்குக் கண்டென்சர் வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். இருந்தால் வாங்குகிறேன்.